கொதிப்புக்கு ஓர் இடம்: பழைய வானூர்தி எந்திரங்களின் தலைத்தொட்டி வரலாறு

முன்னுரை

வானூர்தியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் அதன் சிறகை எழுதுவர். அடுத்து விரைவை எழுதுவர். பின்னர் அதைச் செலுத்தியவரின் துணிவை எழுதுவர். எந்திரத்தின் உச்சியில் ஒரு மூலையில் அமர்ந்து, நிறைந்தும் நிறையாமலும் இருந்த ஒரு சிறு தொட்டியை எவரும் நின்று நோக்குவதில்லை. அத்தொட்டி விரைவைத் தரவில்லை, வலிமையைத் தரவில்லை, ஆயின் அது பிழைத்தபோது விரைவும் வலிமையும் சில நிமிடங்களுக்குள் வீணாயின. பட்டறைகளில் ‘ஹெட்டர் டேங்க்’ என வழங்கும் இதனை ஊரின் மேல்நிலைத் தொட்டியை நினைவில் கொண்டு ‘தலைத்தொட்டி’ எனலாம்.

1930ஆம் ஆண்டுகளிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் நீர்மத்தால் குளிர்விக்கப்பட்ட பிஸ்டன் எந்திரங்களில் இத்தொட்டி பலமுறை மாற்றப்பட்டது. இன்றும் அவ்வெந்திரங்களைப் பேணிப் பறக்கச் செய்வோர் அதை மாற்ற வேண்டிய நிலைக்கு ஆளாகின்றனர். அம்மாற்றங்கள் ஏன் நிகழ்ந்தன, ஒவ்வொன்றும் எதைக் கற்பித்தது என்பவற்றை, ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எந்திரத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தலைத்தொட்டியின் பணி

மெர்லின் 27 லிட்டர் கொள்ளளவும், ஆங்கில எழுத்தான ‘வி’ வடிவில் இரு வரிசையாக நின்ற 12 உருளைகளும் கொண்டது. தொடக்ககால மெர்லின்கள் ஏறத்தாழ 1,030 குதிரைத்திறனை வெளியிட்டன. இத்தகைய எந்திரத்தில் எரியும் பெட்ரோலின் வெப்பம் முழுவதும் சுழலியைச் சுழற்றப் பயன்படுவதில்லை. அதில் கணிசமான பகுதி உருளைச் சுவர்களில் தங்குகிறது. அதை அகற்றாவிடின் பிஸ்டன் உருளையோடு பற்றிக்கொள்ளும், உலோகம் வெடிக்கும். எனவே ஒரு நீர்மம் பம்பினால் தள்ளப்பட்டு, உருளைகளைச் சுற்றி ஓடி, தலைத்தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து ரேடியேட்டருக்கு இறங்கிக் காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் பம்புக்குத் திரும்புகிறது.

இந்தச் சுற்றில் தலைத்தொட்டி செய்யும் பணிகள் நான்கு. முதலாவது, விரிவுக்கு இடம் தருதல். 15 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ள 100 லிட்டர் நீர் 100 பாகையை எட்டும்போது ஏறத்தாழ 4 லிட்டர் பெருகும். நீர்மத்தை எளிதில் அமுக்க இயலாது. இடம் இல்லையேல் குழாயோ இணைப்போ பிளக்கும். இரண்டாவது, ஆவிக் குமிழிகளையும் காற்றையும் ஓடும் நீர்மத்திலிருந்து பிரித்தல். குமிழி சேர்ந்த நீர்மம் உலோகத்தின் வெப்பத்தை ஏற்காது. மூன்றாவது, உயரத்தில் நின்று பம்பின் வாய்க்கு எப்போதும் நீர்மம் கிடைக்கச் செய்தல். நான்காவது, வால்வு ஒன்றின் வழியே அழுத்தத்தை அளவோடு காத்து, மிகுதியை வெளியேற்றுதல்.

பொங்கற் பானையில் பால் பொங்கி வழிவதை மங்கலம் என்று கொண்டாடுகிறோம். எந்திரத்திலோ பொங்கி வழிதல் அழிவின் தொடக்கம். அப்பொங்கலுக்கு உள்ளேயே இடம் ஒதுக்கிய கலமே தலைத்தொட்டி.

இதில் உயரம் ஒரு தனிச் சிக்கலைப் புகுத்தியது. உதகையில் நீர் ஏறத்தாழ 92 பாகையிலேயே கொதிப்பதால் திறந்த பானையில் சோறு வேகத் தாமதமாகிறது. 30,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதன் பத்தில் மூன்று பங்காகக் குறைகிறது. அங்கே நீர் ஏறத்தாழ 70 பாகையில் கொதித்துவிடும். ஆகவே தரையில் அமைதியாக ஓடும் எந்திரம், வெளியே உறைபனிக் குளிர் நிலவும் வானில் கொதித்து நிற்கக்கூடும். இம்முரணைத் தீர்ப்பதே அன்றைய பொறியாளர்களின் முதற் கவலையாயிற்று.

பந்தயமும் நீராவியும்

1931 செப்டம்பர் 13 அன்று ஷ்னைடர் கோப்பைக் கடல்விமானப் பந்தயத்தில் பிரித்தானியாவின் சூப்பர்மரின் எஸ்.6பி வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 547 கிலோமீட்டர் விரைவில் பறந்து கோப்பையை நிலையாக வென்றது. அதே மாதம் 29ஆம் நாள் அவ்வகை வானூர்தி மணிக்கு 655 கிலோமீட்டரைக் கடந்து உலகச் சாதனை படைத்தது. அதன் ரோல்ஸ் ராய்ஸ் ‘ஆர்’ எந்திரம் 2,350 குதிரைத்திறன் உடையது. வடிவமைப்பாளர் ஆர். ஜே. மிட்செல் அதில் வழக்கமான ரேடியேட்டரை வைக்கவில்லை. சிறகின் தோலும் மிதவைகளின் மேற்பரப்புமே ரேடியேட்டர்களாயின. சுடுநீர் அவற்றினுள் ஓடிக் குளிர்ந்தது. காற்றை எதிர்த்து நீட்டிக்கொண்டிருக்கும் ரேடியேட்டரே விரைவுக்குத் தடை என்பதை அப்பந்தயம் உணர்த்தியது.

அடுத்து எழுந்த எண்ணம் இன்னும் துணிவானது. ஒரு கிலோ நீரை 20 பாகை சூடேற்ற 84 கிலோஜூல் வெப்பம் போதும். அதே நீர் ஆவியாக மாறும்போது ஏறத்தாழ 2,257 கிலோஜூலை ஏற்றுக்கொள்ளும். அங்ஙனமாயின் கொதிப்பதை ஏன் தடுக்க வேண்டும்? கொதிக்க விட்டு, ஆவியைச் சிறகின் முன்விளிம்பில் குளிர்வித்து, மீண்டும் நீராக்கிக்கொள்ளலாமே. இவ்வாறு தோன்றியதே ஆவிக்குளிர்ப்பு முறை. இதில் தலைத்தொட்டி, நீரையும் ஆவியையும் பிரிக்கும் கலமாக உருமாறியது.

ரோல்ஸ் ராய்ஸின் கோஷாக் எந்திரம் இம்முறையில் அமைந்தது. அதைத் தாங்கி 1934 பிப்ரவரியில் பறந்த சூப்பர்மரின் 224 என்னும் மாதிரி, மணிக்கு ஏறத்தாழ 367 கிலோமீட்டர் விரைவையே எட்டியது. ஆவி சிறகில் குளிர்ந்து நீராகி, சக்கர உறைகளுக்குள் இருந்த தொட்டிகளில் சேர்ந்தது. அந்நீர் கொதிநிலைக்கு மிக அண்மையிலேயே இருந்தது. வானூர்தி மேலேறி அழுத்தம் குறைந்தபோது, பம்பு இழுத்த அளவிலேயே அது மீண்டும் ஆவியாயிற்று. ஆவியைத் தள்ள அப்பம்பினால் இயலவில்லை, எந்திரம் சூடேறியது. நீரைக் கீழே தேக்கிப் பம்பை மேலே நோக்கி இழுக்கச் செய்தமையே அவ்வமைப்பின் பெருங்குறை. தலைத்தொட்டி தலையில் இருக்க வேண்டியதன் காரணத்தை இத்தோல்வி தெளிவாக்கிற்று.

பின்னாளில் மெர்லின் எனப் பெயர் பெற்ற பிவி-12 எந்திரமும் 1933 அக்டோபரில் முதன்முதலாக இயங்கியபோது ஆவிக்குளிர்ப்பை எண்ணியே அமைக்கப்பட்டிருந்தது. நம்பத்தகாதது எனக் கண்டபின் அம்முறை கைவிடப்பட்டது. ஜெர்மனியிலும் இவ்வரலாறே நிகழ்ந்தது. ஆவிக்குளிர்ப்பைக் கொண்ட ஹைன்கல் 100 வகை வானூர்தி 1939 மார்ச் 30 அன்று மணிக்கு 746 கிலோமீட்டர் விரைவில் பறந்து உலகச் சாதனை புரிந்தது. ஆயினும் சிறகெங்கும் பரவிய நுண்குழாய்களும் பம்புகளும் நிறைந்த அவ்வமைப்பு போர்ப்படைக்கு ஏற்றதாகவில்லை. சாதனைக்கு ஒரு நாள் போதும். படைக்கு ஒவ்வொரு நாளும் வேண்டும்.

இனிக்கும் நஞ்சு

தீர்வு வேதியியலிலிருந்து வந்தது. பிரெஞ்சு வேதியியலார் வுர்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆக்கிய எதிலீன் கிளைகால் என்னும் நீர்மம் 197 பாகையில்தான் கொதிக்கும். அது நிறமற்றது, சற்றே கெட்டியானது, இனிப்புச் சுவையுடைய நஞ்சு. அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வுக்கூடங்கள் 1920ஆம் ஆண்டுகளில் இதை வானூர்திக்குப் பயன்படுத்திப் பார்த்தன. கர்ட்டிஸ் நிறுவனத்தின் கான்குவரர் எந்திரம் இதனால் குளிர்விக்கப்பட்டது.

இதன் நன்மை எளிய கணக்கில் புலப்படும். வெளிக்காற்று 15 பாகை எனக் கொள்வோம். நீர்மம் 75 பாகையில் இருப்பின் வேறுபாடு 60. அதுவே 120 பாகையில் இருப்பின் வேறுபாடு 105. வெப்பம் வேறுபாட்டிற்கு ஏற்ப வெளியேறுவதால், மற்றவை ஒத்திருப்பின் ரேடியேட்டரின் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறையலாம். பரப்புக் குறைந்தால் காற்றின் தடையும் குறையும். 1935இல் பார்ன்பரோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எப். டபிள்யூ. மெரிடித், ரேடியேட்டரைத் தக்க வடிவுடைய குழலுக்குள் அடக்கினால், சூடேறி விரியும் காற்று பின்புறம் வெளியேறுகையில் தடையின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் என்று காட்டினார். 1936 மார்ச்சில் முதன்முறை பறந்த ஸ்பிட்பயரின் வலச்சிறகின் கீழ் அமைந்த ரேடியேட்டர் இவ்விரு கருத்துகளும் ஒன்றுகூடிய இடமாகும்.

ஸ்பிட்பயரில் தலைத்தொட்டி எந்திரத்தின் முன்னே, சுழலிக்குப் பின்னால், குதிரை லாட வடிவில் வளைந்து அமர்ந்தது. ஹாக்கர் ஹரிக்கேனில் அது எந்திரத்தின் பின்னே, நெருப்புத் தடுப்புச் சுவரை ஒட்டி அமைந்தது. ஒரே எந்திரம், இரண்டு வீடுகள், தொட்டிக்கு இரண்டு வடிவங்கள். தொட்டியின் உருவை எந்திரம் மட்டுமன்று, அது குடியிருந்த வானூர்தியின் மூக்கும் முடிவு செய்தது.

எனினும் தூய கிளைகால் குறையற்றதாக இல்லை. எடைக்கு எடை ஒப்பிட்டால் நீரைவிட மிகக் குறைந்த வெப்பத்தையே அது ஏற்கும். அதனால் எந்திர உலோகம் கூடுதல் சூட்டில் இயங்க நேர்ந்தது. இணைப்புகளில் கசிவு ஓயவில்லை. ஏறத்தாழ 111 பாகையில் அதன் ஆவி தீப்பற்றத் தக்கதாகிறது. எந்திரத்தில் அது சுழன்ற வெப்பமோ அவ்வெல்லையைத் தொட்டே நின்றது.

மூடிய கலம்

நீரே சிறந்த வெப்பவாங்கி. கொதிப்பு ஒன்றே அதன் குறை. கொதிநிலையை உயர்த்த நீர்மத்தை மாற்றுவது ஒரு வழி. அழுத்தத்தை உயர்த்துவது மற்றொரு வழி. இரண்டாம் வழியை இன்று ஒவ்வொரு வீட்டுப் பிரஷர் குக்கரும் அறியும். காற்றழுத்தத்திற்கு மேல் மற்றொரு காற்றழுத்தம் சேர்ந்தால் நீர் 120 பாகை வரை கொதிக்காது. 70 பங்கு நீரும் 30 பங்கு கிளைகாலும் கலந்து, அழுத்தத்தில் அடைத்து ஓடவிடும் முறையை மெர்லின் ஏற்றது. 1940இல் படைக்கு வந்த ஸ்பிட்பயர் 2ஆம் வகையின் மெர்லின் 12 எந்திரம் இக்கலவையைக் கொண்டது. தீ அச்சம் நீங்கியது, கசிவு குறைந்தது, எந்திரத்தின் ஆயுள் கூடியது.

இம்மாற்றம் ஒரு நீர்மத்தை ஊற்றிவிட்டு மற்றொன்றை நிரப்பும் அளவில் முடியவில்லை. தலைத்தொட்டி அழுத்தக் கலமாக மாற வேண்டியதாயிற்று. அதன் சுவரும் இணைப்பும் மூடியும் உள்ளழுத்தத்தைத் தாங்க வேண்டும். வால்வின் சுருள்வில் குறித்த அளவில் திறந்து குறித்த அளவில் மூட வேண்டும். தொட்டி தாங்கினால் மட்டும் போதாது. ரேடியேட்டரின் ஒவ்வொரு இணைப்பும், ரப்பர்க் குழாயும், உருளையின் அடைப்பும் தாங்க வேண்டும். நுட்பமான செய்தி ஒன்றும் இங்கு உண்டு. சுருள்வில் அளப்பது உள்ளழுத்தத்திற்கும் வெளியழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டையே. தரையில் இரண்டு காற்றழுத்தம் தாங்கும் அமைப்பு 30,000 அடியில் ஏறத்தாழ 1.3 காற்றழுத்தத்தையே காக்கும். அங்கே நீரின் கொதிநிலை 107 பாகை அளவே. எனவே தரையில் செய்த சோதனை வானுக்குச் சான்றாகாது.

போரின் நடுவே

இவ்வெந்திரங்களின் வரலாற்றில் தமிழர்க்கும் ஒரு தொடர்பு உண்டு. போர் நிதிக்கு அளித்த கொடையைப் பாராட்டும் வகையில் பிரித்தானிய வான்படையின் 79, 234, 264 ஆகிய எண்களுடைய அணிகள் ‘மதராஸ் மாகாணம்’ என்னும் பெயரைச் சூடின. 1940இல் அவை முறையே ஹரிக்கேன், ஸ்பிட்பயர், டிபயண்ட் வானூர்திகளைச் செலுத்தின. மூன்றிலும் சுழன்றது மெர்லின். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானியக் கடற்படை வானூர்திகள் தாக்கியபோது எதிர்த்தெழுந்த ஹரிக்கேன்களின் எந்திரமும் அதுவே. அவற்றை எதிர்கொண்ட ஜப்பானிய வானூர்திகளோ காற்றால் குளிரும் எந்திரங்களைக் கொண்டவை.

இவ்வேறுபாடு உயிர்ச் சிக்கலாகும். காற்றால் குளிரும் எந்திரம் ஓர் உருளையை இழந்தும் வீடு திரும்பிய நிகழ்வுகள் உண்டு. நீர்மத்தால் குளிரும் எந்திரத்தில் தொட்டியிலோ குழாயிலோ ஒரு குண்டு துளைத்தால் போதும். வெண்புகை போன்ற ஆவி பின்னே நீளும். சில நிமிடங்களில் எந்திரம் நின்றுவிடும். அவ்வெண்கோடு கண்ட விமானிக்கு, இறங்க ஒரு வயலைத் தேடுவதா, குதிப்பதா என்பதே எஞ்சிய வினா.

ஆயினும் இம்முறை கைவிடப்படவில்லை, மேலும் வளர்ந்தது. 1942இல் ஸ்பிட்பயர் 9ஆம் வகை மெர்லின் 61 எந்திரத்தோடு படையில் சேர்ந்தது. அதில் காற்றை இருமுறை அழுத்தி உருளைக்குள் செலுத்தினர். அழுத்திய காற்று சூடேறுவதால் அதைக் குளிர்விக்கத் தனிச் சுற்று வேண்டியதாயிற்று. அச்சுற்றுக்குத் தனிப் பம்பும் தனித் தலைத்தொட்டியும் அமைந்தன. சுற்றொன்று கூடியபோது விரிவுக்கான இடமும் ஒன்று கூடியது.

பேணுவோரின் இக்கட்டு

1957இல் பிகின் ஹில் தளத்தில் பிரித்தானிய வான்படை தன் பழைய ஸ்பிட்பயர்களையும் ஹரிக்கேனையும் பேணிப் பறக்கவிட ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. பின்னர்ப் பல நாடுகளில் தனியாரும் இப்பணியில் இறங்கினர். போர்க்காலத்தில் ஓர் எந்திரம் சில நூறு மணி நேரம் உழைத்தாற் போதும் என்றே எண்ணப்பட்டது. அன்று செய்த தொட்டி இன்று 80 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதிர்வினால் இணைப்புகளில் வெடிப்புத் தோன்றும். நீர்மமும் கலப்பு உலோகங்களும் கூடும் இடத்தில் அரிப்பு உண்டாகும். உட்புறத்து அரிப்பு வெளியே தெரிவதில்லை. பறக்கும் முறையும் மாறிவிட்டது. அன்று 30,000 அடியில் போரிட்டவை இன்று விழாக்களில் தாழப் பறக்கின்றன. தரையில் நெடுநேரம் காத்து நிற்கின்றன. தரையில் ஸ்பிட்பயரின் ரேடியேட்டருக்குப் போதிய காற்றுக் கிடைக்காது. காத்திருக்கும்போதே நீர்மம் கொதிநிலையை நெருங்கும்.

இந்நிலையில் பேணுவோர் முன் இரு நெறிகள் நிற்கின்றன. பழைய வரைபடத்தின்படியே தொட்டியைப் புதிதாகச் செய்வது ஒன்று. உலோகத்தையோ பற்றவைப்பையோ வால்வையோ கொள்ளளவையோ மாற்றிச் செய்வது மற்றொன்று. முதல் நெறி மூலத்திற்கு உண்மையானது. ஆயின் மூலத்தின் குறைகளையும் உடன் கொணரும். இரண்டாம் நெறி பாதுகாப்பைத் தரலாம். ஆயின் தொட்டியை மட்டும் மாற்றினோம் என்று எண்ணுவது மயக்கம். அழுத்தம் உயர்ந்தால் பழைய ரேடியேட்டர் பிளக்கலாம். எடை கூடினால் தாங்கிகள் அதிர்வில் முறியலாம். குழாய் இணையும் இடம் தாழ்ந்தால் காற்று சிக்கிக்கொள்ளலாம். எனவேதான் இத்தகைய மாற்றங்கள் கணக்கிடப்பட்டு, சோதிக்கப்பட்டு, உரிய ஆணையத்தின் ஒப்புதலோடு பதிவு செய்யப்பட வேண்டும் என்பது விதியாயிற்று.

அமெரிக்காவின் ரீனோ நகரில் 1964 முதல் 2023 வரை நடந்த வானூர்திப் பந்தயங்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. மெர்லின் பூட்டிய மஸ்டாங் வானூர்திகள் அங்கே விரைவுக்காகப் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டன. சில, ரேடியேட்டரின் மேல் நீரைத் தெளித்து வெப்பத்தைத் தணித்தன. ‘கேலப்பிங் கோஸ்ட்’ என்னும் மஸ்டாங் வயிற்றுப் புறத்து ரேடியேட்டரையே நீக்கிவிட்டு, உள்ளே ஒரு தொட்டியில் நீர்மத்தைக் கொதிக்கவிட்டு ஆவியை வெளியே விடும் முறையைக் கைக்கொண்டது. 1934இல் தோற்ற எண்ணம், ஆவியைத் திரும்பப் பெறும் கவலையை மட்டும் விடுத்து, மீண்டும் வந்தது. சில நிமிடப் பந்தயத்திற்கு அது போதுமானது.

2011 செப்டம்பர் 16 அன்று அவ்வானூர்தி பார்வையாளர் பகுதியில் விழுந்தது. விமானி உள்ளிட்ட 11 பேர் உயிரிழந்தனர். விபத்துக்குக் காரணம் குளிர்விப்பு முறை அன்று. வாலில் இருந்த சிறு தகட்டைப் பிணைத்த பழைய நட்டுகள் தளர்ந்தமையே தொடக்கம் என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. அதனோடு மற்றொன்றையும் அவ்வாரியம் சுட்டியது: பதிவு செய்யப்படாத, சோதிக்கப்படாத பெரும் மாற்றங்கள் அவ்வானூர்தியில் இருந்தன என்பதே அது. மாற்றம் குற்றமன்று, எழுதப்படாத மாற்றமே குற்றம்.

நிறைவுரை

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. செல்லரித்த ஏட்டில் ஒரு சொல் சிதைந்திருந்தால் அதை நிரப்பும் கை எந்நாளும் உண்டு. நிரப்பியதை மறைத்த கை நூலைக் கெடுத்தது. குறித்து வைத்த கை நூலைக் காத்தது. உ. வே. சாமிநாதையர் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்தமையால், அவருக்குப் பின் வந்தோர் அவர் தேர்ந்த பாடத்தை ஏற்கவும் மறுக்கவும் வழி பிறந்தது. பழைய எந்திரத்தைப் பேணுபவரின் பதிவேடும் அத்தகைய அடிக்குறிப்பே. எத்தொட்டி, எவ்வுலோகம், எவ்வழுத்தம், எந்நாளில், ஏன் மாற்றப்பட்டது என்று அதில் எழுதியிருந்தால், அடுத்த தலைமுறையின் கை தடுமாறாது. அவ்வெந்திரத்தின் பின்னே அமர்பவரின் உயிரும் அதை நம்பி நிற்கும்.

தலைத்தொட்டி தன் சுற்றின் எல்லா உறுப்புகளோடும் பிணைந்தது. அதை மட்டும் தனியே மாற்ற இயலாது என்பதே 1934 முதல் இன்றுவரை அதை மாற்றியோர் கற்ற பாடம். அத்தொட்டியில் பொறியாளர்கள் அரிதின் முயன்று அமைத்தது உலோகத்தை மட்டுமன்று. நிரப்பாமல் விட்ட சிறு இடத்தையும்தான். அவ்விடம் இருந்தவரை மெர்லின் கொதிப்பைத் தாங்கிப் பறந்தது.